உணவுக்குழாய்ப் புற்றுநோய்: ஓராண்டு இம்யூனோதெரபிக்காக நிலத்தை விற்கலாமா?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய தந்தைக்கு வயது 58. உணவுக்குழாயின் நடுப்பகுதியில், உட்சுவரின் தட்டைச் செல்களில் தொடங்கும் ஸ்குவாமஸ் வகைப் புற்றுநோய். ஐந்து வாரம் கீமோவும் கரண்டும் (கதிர்வீச்சு) சேர்த்துக் கொடுத்து, பிறகு அறுவை சிகிச்சையும் முடித்து 7 வாரங்கள் ஆகின்றன. வெட்டி எடுத்த பகுதியின் ஓரங்களில் நோய் இல்லை என்றும், உள்ளே மட்டும் உயிருள்ள புற்றுச் செல்கள் மிச்சம் இருந்தன என்றும் பரிசோதனை அறிக்கை சொல்கிறது. ஓராண்டுக்கு இம்யூனோதெரபி போடலாம் என்கிறார் மருத்துவர். அதற்குப் பல லட்சம் தேவைப்படுவதால் கிணற்றோடு சேர்ந்த ஒன்றரை ஏக்கர் நிலத்துக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் தந்தைக்குத் தெரியாமல். நோயைப் பற்றியும் அவரிடம் எதுவும் சொல்லவில்லையாம். உறவினர் ஒருவர், பக்கவிளைவே இல்லாமல் நோயை வேரோடு எடுத்துவிடும் மருந்து என்கிறார். இன்னொருவர் அது வீண் செலவு என்கிறார். கேள்வி ‘இம்யூனோதெரபி நல்லதா?’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அவர் உண்மையில் கேட்பது, நிலத்தை விற்றால் அப்பா எங்களோடு கூடுதல் காலம் இருப்பாரா என்பதைத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

மதுரையில் புற்றுநோய் மருத்துவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் தந்தையின் ஸ்கேனையோ அறிக்கையையோ நான் பார்க்கவில்லை. அவரைத் தொட்டுப் பரிசோதித்த மருத்துவரின் முடிவுக்கு இது மாற்றாகாது. அந்த மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது என்ன கேட்க வேண்டும், வரும் பதிலை எப்படி எடைபோட வேண்டும் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

முதலில் மருந்து என்ன செய்கிறது என்பது. நம் ரத்தத்திலுள்ள டி-செல்கள் கெட்டுப்போன செல்களைத் தேடி அழிக்கக்கூடியவை. அவை வரம்பு மீறி நல்ல உறுப்புகளையும் முட்டிவிடாதபடி உடலே அவற்றுக்கு ஒரு மூக்கணாங்கயிறு போட்டு வைத்திருக்கிறது. பி.டி.-1 என்ற புரதம் அப்படிப்பட்ட கயிறு. சில புற்றுச் செல்கள் தங்கள் மேற்பரப்பில் பி.டி.-எல்.1 என்ற புரதத்தை வளர்த்துக்கொண்டு அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்து நிறுத்திவிடுகின்றன. டி-செல் எதிரே நின்றும் ஒன்றும் செய்ய முடியாமல் போகிறது. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் அந்தப் பிடியை விடுவிக்கின்றன. அலங்காநல்லூர் வாடிவாசலில் கயிற்றை அறுத்துவிட்ட பிறகு காளை எப்படி வெளியே வரும் என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மருந்து நேரடியாகப் புற்றைக் கொல்வதில்லை. கட்டை அவிழ்க்கிறது, அவ்வளவுதான். அவிழ்த்த பிறகு அது எதை முட்டும் என்பது முழுவதும் நம் கையில் இல்லை. இதன் நன்மை, தீமை இரண்டும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. பி.டி.-1 புரதத்தை 1992-இல் கியோட்டோவில் கண்டறிந்த தசுகு ஹோஞ்ஜோவும், சி.டி.எல்.ஏ.-4 என்ற வேறொரு கயிற்றை ஆராய்ந்த ஜேம்ஸ் அலிசனும் 2018-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பெயரைக் கேட்டு ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மருந்து’ என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். சத்து டானிக்கையோ கபசுரக் குடிநீரையோ இதோடு ஒப்பிடுவது தவறு. அதேபோல், நோயாளியின் ரத்தத்தை எடுத்துச் செல்களை வளர்த்துத் திரும்பச் செலுத்துகிறோம் என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் இடங்களும் இருக்கின்றன. அவர்களும் அதை இம்யூனோதெரபி என்றே அழைக்கிறார்கள். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அந்த முறை பயன் தருவதாக நிறுவப்படவில்லை. உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் மருந்தின் பெயர் என்ன என்று முதலில் பாருங்கள். இந்தக் கட்டத்துக்கு உலக அளவில் ஏற்கப்பட்டிருப்பது நிவோலுமாப்.

அந்த ஏற்புக்குக் காரணமான ஆய்வின் பெயர் செக்மேட் 577. முடிவுகள் 2021-இல் வெளியாகின. அதில் சேர்ந்த 794 பேரும் ஏறத்தாழ உங்கள் தந்தையின் நிலையில் இருந்தவர்கள்: கீமோவும் கரண்டும் முடித்து, அறுவையில் நோய் முழுவதும் அகற்றப்பட்டு, ஆனால் எடுத்த திசுவில் புற்றுச் செல் மிச்சம் காணப்பட்டவர்கள். இந்த மிச்சம்தான் இங்கே முக்கியம். நெதர்லாந்தில் நடந்த கிராஸ் என்ற முந்தைய ஆய்வில், ஸ்குவாமஸ் வகையினரில் 49 சதவீதம் பேருக்குக் கீமோவும் கரண்டுமே நோயை முற்றிலும் அழித்திருந்தன; அறுத்துப் பார்த்தபோது ஒரு செல் கூட இல்லை. உங்கள் தந்தை அந்தப் பாதியில் இல்லை. அவருக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அவர்களைவிடக் கூடுதல் என்பதால்தான் மருத்துவர் அடுத்த மருந்தைப் பற்றிப் பேசுகிறார். பணம் பிடுங்கும் பேச்சு என்று அதை ஒதுக்குவது அவருக்குச் செய்யும் அநீதி.

செக்மேட் 577-இல் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நிவோலுமாபும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் திரவமும் ஓராண்டு வரை ஏற்றப்பட்டன. நோய் திரும்பாமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு வெறும் திரவம் பெற்றவர்களுக்கு 11 மாதம், நிவோலுமாப் பெற்றவர்களுக்கு 22.4 மாதம். நடுமதிப்பு என்றால் 100 பேரை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் கணக்கு. அவருக்கு முன்னால் ஏறக்குறையப் பாதிப் பேர், பின்னால் பாதிப் பேர். ஸ்குவாமஸ் வகையினரை மட்டும் தனியே பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது: 11 மாதத்துக்கு எதிராக 29.7 மாதம். அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் பத்தில் ஏழு பேர், சுரப்பிச் செல்களில் தொடங்கும் அடினோகார்சினோமா வகை. அது மேலைநாடுகளில் மிகுதி. நம் ஊரில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஸ்குவாமஸ் என்பதால், சிறு பிரிவிலிருந்து வந்த எண் என்ற எச்சரிக்கையோடுதான் இதைச் சொல்கிறேன். ஆனாலும் எண் நம் பக்கம் சாய்கிறது என்பது மெய்.

நிலம் விற்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய அடுத்த செய்தியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நோய் திரும்புவது தள்ளிப்போவதும், மொத்த ஆயுள் நீளுவதும் ஒன்றல்ல. முதல் முடிவு வந்தபோது ஆயுள் கணக்கு முதிரவில்லை. 2025-இல் அது வந்தது: நிவோலுமாப் பெற்றவர்களுக்கு நடுமதிப்பு 51.7 மாதம், பெறாதவர்களுக்கு 35.3 மாதம். பார்வைக்குப் பெரிய இடைவெளியாகத் தெரிந்தாலும், இறப்பின் அபாயம் மொத்தத்தில் 15 சதவீதம்தான் குறைந்திருந்தது; அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற ஐயத்தைத் தாண்டும் அளவுக்குப் புள்ளியியல் வலு அதற்கு இல்லை. நோய் திரும்பிய பிறகு சிலர் இதே வகை மருந்தைப் பெற்றதால் வித்தியாசம் மங்கியிருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. அது பொருந்தக்கூடிய விளக்கம், நிறுவப்பட்ட விளக்கம் அல்ல. ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியது, இந்த மருந்து நோய் திரும்புவதைத் தள்ளிப்போடுகிறது என்பது. ஆயுளையும் நீட்டுகிறது என்பதற்கு நம்பிக்கை தரும் அறிகுறி இருக்கிறது, நிரூபணம் இல்லை. ‘வேரோடு எடுத்துவிடும்’ என்ற உங்கள் உறவினரின் பேச்சுக்கு இந்த ஆய்வில் ஆதாரம் எதுவும் இல்லை.

அவர் அப்படிச் சொல்ல என்ன காரணம் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. நோய் பரவிவிட்ட நிலையில் கீமோவோடு இந்த மருந்தைச் சேர்த்தபோது சிலருக்கு வியக்கத்தக்க பலன் கிடைத்திருக்கிறது; அப்படிப்பட்ட ஒருவரின் கதை ஊரெல்லாம் பரவும். கீநோட் 590 என்ற ஆய்வில் பெம்ப்ரோலிசுமாபும் கீமோவும் சேர்ந்தபோது ஆயுளின் நடுமதிப்பு 9.8 மாதத்திலிருந்து 12.4 மாதமாகத்தான் உயர்ந்தது. ஆனால் ஐந்தாண்டு கழித்து எண்ணியபோது, கீமோ மட்டும் பெற்ற 100 பேரில் 3 பேரும், இரண்டும் பெற்ற 100 பேரில் ஏறக்குறைய 11 பேரும் உயிரோடு இருந்தார்கள். பரவிய உணவுக்குழாய்ப் புற்றில் ஐந்தாண்டு என்பது நான் பயிற்சி பெற்ற காலத்தில் நினைத்தும் பார்க்காத ஒன்று. அந்த 11 பேரில் ஒருவரைத் தெரிந்தவர் இதை மாயமருந்து என்பார். மீதி 89 பேரில் ஒருவரைத் தெரிந்தவர் வீண் என்பார். இருவர் சொல்வதும் அவரவர் கண்டதுதான்.

அந்த நிலையில் யாருக்குப் பலிக்கும் என்பதை ஓரளவு காட்டும் குறி, கட்டியில் பி.டி.-எல்.1 எவ்வளவு இருக்கிறது என்ற சோதனை. 2024 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆலோசனைக் குழு, பரவிய ஸ்குவாமஸ் நோயில் இந்த அளவு 1-க்கும் கீழே இருப்பவர்களுக்கு நன்மையைவிட இடர் மிகுதி என்று பெரும்பான்மையாக வாக்களித்தது. அறுவைக்குப் பிந்தைய உங்கள் தந்தையின் நிலையில் இச்சோதனை கட்டாயமில்லை. செக்மேட் 577 அதைப் பார்த்து ஆள் சேர்க்கவில்லை. ஆனால் பின்னர் பிரித்துப் பார்த்தபோது, பி.டி.-எல்.1 அளவைச் சொல்லும் சி.பி.எஸ். என்ற மதிப்பெண் 5 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களிடம் பயன் தெளிவாகவும், அதற்குக் குறைந்தவர்களிடம் மிகச் சிறியதாகவும் தெரிந்தது. முன்கூட்டித் திட்டமிடாமல் பிறகு பிரித்துப் பார்த்த கணக்கு என்பதால் அதை வேதவாக்காக எடுக்கக் கூடாது. ஆனாலும் நிலத்தையே விற்கும் அளவுக்குச் செலவு செய்யப் போகிறவர் சில ஆயிரம் ரூபாயில் அந்தச் சோதனையைச் செய்துகொள்வது அறிவுடைமை. இதற்கு மறுபடி சதை எடுக்க வேண்டியதில்லை. அறுவையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்த பிளாக் மருத்துவமனையின் நோய்க்குறியியல் பிரிவில் இருக்கும். எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். வாங்கினால் வெயில் படாமல் வைத்திருங்கள். சித்திரை வெயிலில் பேருந்துச் சன்னலோரம் வைத்துக் கொண்டுவந்து உருகிய பிளாக்குகளை நான் கண்டிருக்கிறேன்.

பக்கவிளைவே இல்லை என்ற பேச்சை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. கீமோவைப் போல முடி கொட்டாது, வாந்தி பெரும்பாலும் இருக்காது, அது உண்மை. செக்மேட் 577-இல் மருந்தால் கடுமையான பாதிப்பு அடைந்தவர்கள் 100-க்கு 13 பேர். மீதிப் பேரில் பலருக்குச் சோர்வு, அரிப்பு, தைராய்டுக் குறைவு போன்றவை வந்தன, அவற்றைச் சமாளித்துவிடலாம். ஆனால் அவிழ்த்த காளை நுரையீரலையோ குடலையோ கல்லீரலையோ, அரிதாக இதயத்தையோ முட்டினால் உயிருக்கே ஆபத்து. அதிலும் பெரிய ஆபத்து, அது சாதாரண நோய்போல வேடமிட்டு வருவதுதான்.

அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்குப் பரவிய நோய்க்காக மூன்று முறை இந்த வகை மருந்து ஏற்றியிருந்தோம். சித்திரைத் திருவிழாவின்போது அவருக்குத் தாகம் அடங்கவில்லை. வெயிலென்று எல்லோரும் நினைத்தார்கள். யார்தான் நினைக்க மாட்டார்கள்? அழகர் ஆற்றில் இறங்கிய அன்று பந்தல் பந்தலாக நீர்மோரும் பானகமும் வாங்கிக் குடித்திருக்கிறார். மறுநாள் எழுந்திருக்க முடியாத சோர்வு. பக்கத்து ஊர்ச் சிறு மருத்துவமனையில் சர்க்கரையைப் பார்க்காமலேயே இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். என்னிடம் கொண்டுவந்தபோது பெரியவர் மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார், நாக்கு காய்ந்த மட்டையாக இருந்தது; சர்க்கரை 500-ஐத் தாண்டியிருந்தது. மருந்து விடுவித்த டி-செல்கள் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டிருந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள் வைத்துக் காப்பாற்றினோம். இன்சுலின் ஊசி வாழ்நாள் முழுவதும் தேவைப்பட்டது. அந்தக் குளுக்கோஸ் ஏற்றிய மருத்துவரை நான் குறை சொல்வதற்கு முன் என்னைத்தான் சொல்ல வேண்டும். மருந்து நிறுவனம் அச்சிட்ட ஆங்கிலக் கையேட்டைப் பெரியவரின் மகளிடம் கொடுத்து என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு நோயாளிக்கும் மஞ்சள் அட்டையில் தமிழில் எழுதிக் கொடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்: இன்ன மருந்து, இன்ன தேதியில் ஏற்றப்பட்டது, ஒரு நாளில் நாலைந்து முறைக்கு மேல் வயிற்றோட்டம், புதிதாக வந்த வறட்டு இருமல் அல்லது மூச்சுத்திணறல், அடங்காத தாகம், கண் மஞ்சள், நெஞ்சுவலி, எழ முடியாத சோர்வு, இவற்றில் எது வந்தாலும் இந்த மருந்தின் விளைவாக இருக்கக்கூடும், உடனே அழைக்கவும். உங்கள் தந்தைக்கு மருந்து தொடங்கினால் இப்படி ஓர் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் ஆன பிறகும் இவை வரலாம் என்பதால் அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். பெரும்பாலான விளைவுகள் ஸ்டீராய்டு மாத்திரையில் அடங்கும். ஆனால் அதை வாரக்கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டுமே தவிர, உடம்பு தேறியதும் தாமாக நிறுத்தக் கூடாது.

தொடங்கும் முன்பே சில செய்திகளை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்: முடக்குவாதம், சொரியாசிஸ், குடல் அழற்சி போன்று உடலே உடலைத் தாக்கும் நோய்கள் இருந்ததா, உறுப்பு மாற்றம் நடந்ததா, முன்பு காசநோய் வந்ததா. காசநோய் மறுபடி கிளம்பிய நிகழ்வுகள் பதிவாகியிருப்பதால் நம் ஊரில் அந்தக் கேள்வியைத் தவிர்க்கவே கூடாது. தைராய்டு, சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் அடிப்படை அளவுகளையும் முதல் ட்ரிப்ஸுக்கு முன்பே எடுத்து வைத்துக்கொண்டால்தான் பிறகு மாறியது தெரியும்.

இனிப் பணம். செக்மேட் 577-இல் கொடுத்த முறைப்படி முதல் 16 வாரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். அதன்பின் ஓராண்டு நிறையும் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை 480. மொத்தம் 17 முறை, 6,240 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் என்ன விலை என்று மருந்தகத்தில் கேட்டு இந்த எண்ணால் பெருக்கிப் பாருங்கள். முதல் மாதச் செலவை மட்டும் பார்த்துத் தொடங்கிவிட்டு ஐந்தாம் மாதம் கையைப் பிசைந்து நின்ற குடும்பங்கள் பல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு; ஏற்கெனவே கீமோவுக்கும் அறுவைக்கும் எவ்வளவு கழிந்திருக்கிறது, இந்த மருந்து எந்த அளவுக்கு அதில் வரும் என்பதைக் காப்பீட்டுப் பிரிவில் எழுத்து மூலமாகவே கேளுங்கள். மருந்து நிறுவனங்கள் நோயாளிகளுக்கென உதவித் திட்டங்களை நடத்துகின்றன. உள்நாட்டுத் தயாரிப்புகளும் வரத் தொடங்கியிருக்கின்றன. முதலில் சொன்ன விலையே கடைசி விலை என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டாவது கருத்துக்குப் பாலரெங்கபுரத்தில் இருக்கும் அரசு புற்றுநோய்ப் பிரிவுக்குப் போகலாம். நம் பெரியாஸ்பத்திரியைச் சேர்ந்ததுதான். அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கும் ஒருமுறை போய் வரலாம்.

குறைந்த அளவு மருந்து போதும் என்ற பேச்சையும் நீங்கள் கேட்டிருக்கக் கூடும். அது வெறும் வதந்தியல்ல. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில், குணமாக்க முடியாத தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம், மலிவான மாத்திரைச் சிகிச்சையோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் மட்டும் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்று வாரத்துக்கு வழக்கமான அளவு 360. இது 18-இல் ஒரு பங்கு. ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தார்கள். நம் நாட்டு ஏழை நோயாளிகளுக்காக நம் நாட்டிலேயே நடந்த ஆய்வு என்பதால் அதன்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. இந்த மருந்து சிறிய அளவிலேயே டி-செல்லின் பி.டி.-1 புரதங்களை ஏறக்குறைய நிரப்பிவிடும் என்ற அறிவியல் அடிப்படையும் அதற்கு உண்டு. ஆனால் அது வேறு உறுப்பு, வேறு கட்டம். அறுவைக்குப் பின் உணவுக்குழாய் நோயைத் தடுக்க இந்தக் குறைந்த அளவு போதும் என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. முழு அளவுக்கு வழியே இல்லாத குடும்பம், இதையெல்லாம் தெரிந்துகொண்டு தன் மருத்துவரோடு பேசி அதைத் தேர்ந்தெடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். முழு அளவுக்குச் சமம் என்று சொல்லி யாரேனும் கொடுத்தால் கேள்வி கேட்பேன்.

நேரம் எவ்வளவு இருக்கிறது என்றால், அந்த ஆய்வில் அறுவை முடிந்த 4 வாரத்திலிருந்து 16 வாரத்துக்குள் சேர்ந்தார்கள். உங்கள் தந்தைக்கு 7 வாரம் ஆகிறது. நாளைக்கே பத்திரம் எழுத வேண்டிய அவசரம் இல்லை. ஆடி, ஆவணி என்று தள்ளிப்போடவும் முடியாது. இரண்டு, மூன்று வாரத்துக்குள் பி.டி.-எல்.1 சோதனையும் இரண்டாவது கருத்தும் காப்பீட்டுப் பதிலும் கைக்கு வந்துவிடும்.

என் மனத்தில் இருப்பதைச் சொல்கிறேன். இது மருத்துவ உண்மை அல்ல, ஒரு மருத்துவரின் தீர்ப்பு மட்டுமே. காப்பீடோ உதவித் திட்டமோ பெரும்பகுதியைத் தாங்கும் என்றால், நிணநீர்க் கணுவிலும் நோய் மிச்சம் இருந்து சி.பி.எஸ். மதிப்பெண்ணும் நன்றாக இருந்தால், தயங்காமல் தொடங்குங்கள். குடும்பத்துக்கு இருக்கும் ஒரே நிலம் அதுதான், மதிப்பெண்ணும் குறைவு என்றால், விற்காதீர்கள். அப்படிச் செய்வதால் நீங்கள் அப்பாவைக் கைவிட்ட மகனாகிவிட மாட்டீர்கள். அறுவை வெற்றியாக முடிந்திருக்கிறது; மருந்தில்லாமலே நோய் திரும்பாதவர்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள். திரும்பினாலும், பி.டி.-எல்.1 அளவு 1-க்கும் கீழே இல்லையென்றால், அப்போது கீமோவோடு சேர்த்து இதே வகை மருந்தைக் கொடுக்கலாம், அங்கே ஆயுள் நீளுகிறது என்பதற்குத் திடமான நிரூபணம் இருக்கிறது, அன்றைக்குக் கையில் பணம் வேண்டும். இந்தக் கடைசிக் கணக்கை ஒருவரும் உங்களுக்குப் போட்டுக் காட்டியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மருந்து உண்டோ இல்லையோ, இப்போது அவர் எடை என்ன என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரே தராசில் பார்த்து எழுதி வையுங்கள். உணவுக்குழாய்க்குப் பதிலாக இரைப்பையைக் குழாயாக்கி மேலே இழுத்துத் தைத்திருப்பார்கள். ஒரு வேளைக்கு மூன்று இட்லி சாப்பிட்டவருக்கு இனி ஒன்றுதான் கொள்ளும். ஆறேழு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்: சத்துமாவுக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், அவித்த முட்டை, குழைத்த பருப்புச் சாதம். சூடு ஆறியபின் குடிக்கட்டும். கொதிக்கக் கொதிக்கக் காபி குடிக்கும் பழக்கம் இந்த நோய்க்கே ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது, தலைமாட்டை உயர்த்திப் படுக்க வேண்டும். விழுங்குவது திடீரென மறுபடி கடினமானால் நோய் திரும்பிவிட்டது என்று கலங்கிவிடாதீர்கள். தைத்த இடம் சுருங்கியிருந்தாலும் அப்படி ஆகும், எண்டோஸ்கோபி வழியாக விரித்துவிடலாம். புகையிலை, பீடி, மது எது இருந்தாலும் அத்தோடு நிற்க வேண்டும். வாயிலும் தொண்டையிலும் இரண்டாவது புற்று வரும் வாய்ப்பு இவர்களுக்கு மிகுதி. சோழவந்தான் வெற்றிலைமேல் எனக்குக் கோபமில்லை, அதில் மடித்து வைக்கும் புகையிலையும் பாக்கும்தான் கெடுக்கின்றன. புகையிலை இல்லாத வெறும் பாக்கு தீங்கில்லை என்று சொல்லிக்கொண்டு தொடர்பவர்கள் நிறையப் பேர். பாக்கும் புற்றை உண்டாக்கும் என்பது உறுதியான செய்தி.

அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வாரம் கரண்டுக்குப் போய் வந்தவருக்கு, நெஞ்சைத் திறந்து தைத்துக்கொண்டவருக்குத் தன் நோய் என்னவென்று தெரியாமல் இருக்காது. நீங்கள் வருந்துவீர்கள் என்று அவரும் தெரியாததுபோல இருப்பார். இந்த மருந்தைப் பொறுத்தவரை மறைப்பது ஆபத்தும்கூட, ஏனென்றால் வயிற்றோட்டமோ மூச்சுத்திணறலோ வந்தால் முதலில் உணரப்போகிறவர் அவர்தான், எதற்காகச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தால்தான் சொல்வார். நிலமும் அவர் உழுத நிலம். முழுதும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. ‘அறுவை நல்லபடியாக முடிந்தது, உள்ளே கொஞ்சம் மிச்சம் இருந்ததாம், அது திரும்பாமல் இருக்க ஒரு மருந்து இருக்கிறது, செலவு அதிகம், நீங்க என்ன நினைக்கிறீங்கப்பா?’ என்ற அளவுக்குத் தொடங்குங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போகாமல், அவரையும் அழைத்துப் போய் மேசைக்கு முன்னால் உட்கார வைத்து, முதல் கேள்வியை அவரே கேட்க விடுங்கள்.